நல்ல சேதி எந்தப் படியில் நிற்கிறது?

1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு புற்றுநோய்ச் செய்தி வந்தது. பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் ஆஞ்சியோஸ்டாட்டின், எண்டோஸ்டாட்டின் என்ற இரண்டு புரதங்களைக் கொடுத்ததும் எலிகளுக்கு இருந்த கட்டிகள் கரைந்துபோயின என்றது செய்தி. கட்டி வளர ரத்தம் வேண்டும், புது ரத்தக் குழாய் முளைக்கவிடாமல் செய்தால் அது பட்டினி கிடந்து சுருங்கும் என்று ஃபோக்மன் 1971 முதலே சொல்லிவந்தார். அந்தப் புரதங்களுக்கான உரிமம் என்ட்ரீமெட் என்ற சிறு நிறுவனத்திடம் இருந்தது. வெள்ளிக்கிழமை 12 டாலரில் முடிந்த அதன் பங்கு, திங்கள் காலை 85இல் திறந்து, மாலை 52 வாக்கில் முடிந்தது. புற்றுநோய் மையங்களின் தொலைபேசிகள் ஓயவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது புதுச் செய்தியே இல்லை. 1997 நவம்பரில் நேச்சர் இதழில் ஆய்வு வெளியானபோதே அதே நியூயார்க் டைம்ஸ் அதை உள்ளே 28ஆம் பக்கத்தில் போட்டிருந்தது. நடுவில் ஓர் எலிகூடக் கூடுதலாகக் குணமாகவில்லை. செய்தி 28ஆம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மனிதர்களிடம் எண்டோஸ்டாட்டின் எலிகளிடம் காட்டிய வித்தையைக் காட்டவில்லை. சற்றே மாற்றிய வடிவம் ஒன்று 2005இல் சீனாவில் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றதோடு சரி. ஆனால் ரத்தக் குழாயைத் தடுக்கும் அந்த யோசனை சாகவில்லை. அதே வழியில் வந்த பெவசிசுமாப் 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. மனிதருக்கு உண்மையிலேயே பலன் வந்து சேர்ந்த நாள் அது. 1998இல் துள்ளிய கூட்டத்தில் பெரும்பாலோர் அன்றைக்கு அந்தப் பக்கமே இல்லை. பெண் பார்க்கப் போன அன்றே சீமந்தத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டு, குழந்தை பிறந்தபோது ஊரில் இல்லாத கதை.

நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் இதே நாடகம் அடிக்கடி நடக்கிறது. ‘கேன்சருக்கு மருந்து வந்துடுச்சு’ என்று ஒருவர் அனுப்புவார். அடுத்த நிமிடமே ‘வந்தாலும் மருந்து கம்பெனிக்காரன் வெளிய விடுவானா’ என்று இன்னொருவர். சற்றுக் கழித்து மூன்றாமவர், ‘நமக்கு எங்க கிடைக்கப்போகுது’ என்பார். முதல் இருவரும் எதிரெதிர் அணி போலத் தெரிந்தாலும் இருவருக்கும் குறை ஒன்றே: செய்தி எந்தப் படியில் நிற்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. மூன்றாமவர் கேட்டதுதான் உருப்படியான கேள்வி. அதற்குக் கடைசியில் வருவோம்.

மருந்துக்குப் படிகள் என்பது இதுதான். முதலில் தட்டில் வளர்த்த செல்கள், அடுத்து எலி. பிறகு மனிதரில் முதல் கட்டம்: இருபது முதல் எண்பது பேர், மருந்து ஆளைக் கெடுக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர், மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோர். அதன்பின் அனுமதி. அதற்கும் மேலே விலை என்றொரு படி இருக்கிறது. அதைப் பற்றிச் செய்திகள் கடைசி வரியில்கூடச் சொல்வதில்லை. முன்னணி அறிவியல் இதழ்களில் 1979 முதல் 1983 வரை வந்த, ‘மருத்துவத்தில் பெரும் பயன் தரும்’ என்று அடித்துச் சொன்ன 101 ஆய்வுகளை எடுத்து, அவை என்ன ஆயின என்று ஒரு குழு 2003இல் கணக்குப் பார்த்தது. மனிதர்களிடம் முறையான ஒப்பீட்டுச் சோதனை வரை வந்தவை 27. அதில் நல்ல முடிவு காட்டியவை 19. உரிமம் பெற்றவை 5. பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று.

மிகைப்படுத்துவது பத்திரிகைக்காரர்கள்தான் என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வோடு ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் விலங்காய்வு பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம் விலங்கில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்லியிருந்ததைக் காட்டியது. குறிப்பிலேயே கலப்படம் இருந்தால், அதிலிருந்து எழுதிய செய்தியிலும் பெரும்பாலும் அது இருந்தது. அதாவது குழாய்த் தண்ணீரைக் குறை சொல்லும் முன் மேலே தொட்டியைப் பார்க்க வேண்டும்.

எலிப் படியைத் தாண்டிய செய்தியும் உருமாறித்தான் நம்மிடம் வருகிறது. 2022 ஜூனில் ‘மருந்து சாப்பிட்ட எல்லோருக்கும் புற்றுநோய் மறைந்தது’ என்று உலகம் முழுக்கச் சுற்றிய டோஸ்டார்லிமாப் செய்தியை எடுத்துக்கொள்வோம். முதல் திருத்தம், அது சாப்பிடும் மருந்தில்லை. நரம்பு வழியே ஏற்றுவது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம், ஆறு மாதத்தில் ஒன்பது முறை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தவர்கள் 12 பேர். எல்லோருக்கும் மலக்குடலில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைக் கட்டி. எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, திசுச் சோதனை எதிலும் 12 பேருக்கும் கட்டி அகப்படவில்லை. கதிர்வீச்சு, அறுவை சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை.

இதுவரை எல்லாம் மெய். தலைப்பில் காணாமல் போன சொற்கள்தான் சங்கதி: ‘பழுது நீக்கும் திறன் இழந்த கட்டி’. செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது வரும் எழுத்துப் பிழைகளைத் திருத்த நான்கு முக்கியப் புரதங்கள் உண்டு: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இவற்றில் ஏதேனும் வேலை செய்யாவிட்டால் பிழைகள் குவியும். பிழை மலிந்த செல்லை நோயெதிர்ப்பு அணுக்கள் அந்நியன் என்று எளிதில் அடையாளம் காணும். ஆனால் பிடி-1 என்ற பிரேக் அவற்றைத் தடுத்து வைத்திருக்கும். டோஸ்டார்லிமாப் செய்வது அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவது மட்டுமே. பிழை குறைவான சாதாரணக் கட்டியில் பிரேக்கை எடுத்தாலும் அணுக்களுக்கு எதிரி யாரென்று தெரியாது. மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் இந்த வகைக் கட்டி.

ஆகவே உறவினருக்கு மலக்குடல் புற்றுநோய் என்றால் மருந்தின் பெயரோடு மருத்துவரிடம் போவதில் பயன் குறைவு. ஏற்கனவே எடுத்த பயாப்சி மெழுகுக் கட்டியிலேயே அந்த நான்கு புரதங்களுக்கும் சாயச் சோதனை செய்தாகிவிட்டதா, அறிக்கையில் என்ன வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். நான்கும் ‘இருக்கிறது’ என்று வந்தால் அந்தச் செய்தி இந்த நோயாளிக்கானதில்லை. ஒன்றாவது ‘இல்லை’ என்று வந்தால், கீமோவோ கதிர்வீச்சோ தொடங்கும் முன்பே பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ‘சும்மா புரளி’ என்று ஒதுக்கியவர்களும் ஏமாந்தார்கள்: 2024இல் சிகிச்சை முடித்தவர்கள் எண்ணிக்கை 42 ஆனபோதும் 42 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்திருந்தது.

சதவீதம் இன்னொரு கண்கட்டு. அல்சைமர் நோய்க்கான லெக்கனமாப் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது என்று 2022இல் வந்தது. பதினெட்டுப் புள்ளி அளவுகோலில் ஒன்றரை ஆண்டில் மருந்து எடுக்காதவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள், எடுத்தவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. இரண்டும் ஒரே உண்மைதான். எந்த எண் தலைப்பில் ஏறுகிறது என்பதை வைத்தே வீட்டில் இருப்பவர்களின் எதிர்பார்ப்பு ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

மின்சாரச் செய்திகளில் இதே கண்கட்டு யூனிட் கணக்கில் ஒளிந்திருக்கும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு மிளகளவு எரிபொருள் உருண்டையை வைத்திருந்த பொன் உருளையைத் தாக்கின. உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். அணுக்கரு இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். ‘போட்டதைவிட அதிகம் கிடைத்தது, இனி வற்றாத மின்சாரம்’ என்று உலகம் கொண்டாடியது. நம் மின்வாரிய மீட்டர் பாஷையில் இதை எழுதிப் பார்த்தால் தெளியும். 3.15 மெகாஜூல் என்பது ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அதுவும் வெறும் வெப்பம், சுமார் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்த லேசர்களைச் சுட மின்கட்டமைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். எண்பத்து மூன்று போட்டு ஒன்றுகூட வரவில்லை.

அதற்காக ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. லேசர் உள்ளே செலுத்திய ஆற்றலைவிட அதிகமாக இணைவிலிருந்து வெளிவந்தது ஆய்வுக்கூட வரலாற்றில் அதுவே முதல் தடவை. இயற்பியல் படி ஏறிவிட்டது. மின்நிலையப் படியில் இன்னும் கால் வைக்கவில்லை; அதற்கு விநாடிக்குப் பத்துத் தடவை போல இப்படிச் சுட வேண்டும், ஒவ்வோர் உருண்டையும் மலிவாக இருக்க வேண்டும், லேசரின் திறன் பலமடங்கு கூட வேண்டும். அந்த லேசர் கூடமே மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. அணு ஆயுதங்களை வெடிக்காமலே பராமரிக்கும் ஆராய்ச்சிக்காகக் கட்டியது.

2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து வந்த எல்கே-99 இன்னும் சுவாரசியம். அறை வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள் என்றார்கள். உண்மையானால் மின்கம்பி இழப்பே இருக்காது. ஊர் உலகம் பற்றிக்கொண்டதற்கு முக்கியக் காரணம், சமையல் குறிப்பு எளிது: ஈய ஆக்சைடு, ஈய சல்பேட், செம்பு பாஸ்பைடு, 925 டிகிரி போகும் ஓர் உலை. ஆர்வலர்கள் நேரலையிலேயே செய்து பார்த்தார்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் முயன்றது. சில வாரங்களில் குட்டு வெளிப்பட்டது. சூடாக்கும்போது பக்க விளைவாகச் செம்பு சல்பைடு உண்டாகிறது. அது 104 டிகிரி வாக்கில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். அப்போது மின்தடை திடீரென விழும். மின்தடை மறைந்ததுபோலத் தோன்றியது அதனால்தான். காந்தத்தின்மேல் ஒரு முனை மட்டும் தூக்கி நின்ற துணுக்கு, சாதாரணக் காந்தத்தன்மை. கலப்பில்லாமல் ஜெர்மனியில் வளர்த்தெடுத்த படிகம் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், மின்சாரமே கடத்தாத பொருளாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் தன்னைத் தானே திருத்திக்கொண்ட அறிவியலுக்கு யாரும் பாராட்டு விழா எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். வதந்தி போன வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் திருத்தம் போகவில்லை.

மேல்படியில் நிற்கும் செய்திக்கு வருவோம். 2025 ஜூலையில் இந்திய அரசு, நிறுவப்பட்ட மின்திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாதது என்று அறிவித்தது: சுமார் 485 ஜிகாவாட்டில் 243. 2030க்குள் எட்டுவதாக உலக நாடுகளிடம் சொன்ன இலக்கு, ஐந்து ஆண்டு முன்னதாக. உடனே ஒரு சாரார் ‘பாதி மின்சாரம் சூரியனிலிருந்து’ என்றார்கள். மறு சாரார் ‘பொய்க் கணக்கு’ என்றார்கள். இலக்கு வைத்ததே திறனுக்குத்தான், உற்பத்திக்கில்லை. பெரிய அணைகளும் அணுமின் நிலையங்களும் அந்தப் பாதிக்குள் அடக்கம். ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். ஒரு கிலோவாட் நிலக்கரி நிலையம் எழுபது சதவீதத் திறனில் ஓடினால் பதினாறு யூனிட்டுக்கு மேல் தரும். அதனால்தான் திறனில் பாதியைக் கடந்த பிறகும், 2024-25இல் நாட்டில் உற்பத்தியான பத்து யூனிட்டில் ஏழுக்கு மேல் நிலக்கரியினுடையது. காற்றாலைக்காரர்கள் ‘பேக் டவுன்’ என்று சொல்வது வேறு இருக்கிறது: காற்று வீசும், மின்சாரம் வரும், எடுத்துக்கொள்ள ஆளில்லாமலோ கம்பியில் இடமில்லாமலோ நிறுத்தச் சொல்வார்கள். 2025இல் ராஜஸ்தான் சோலாருக்கும் இதே கதிதான். திறன் கணக்கில் இந்தச் சங்கடம் எதுவும் தெரியாது.

இதைவிடப் பெரிய நல்ல சேதி ஒன்று தலைப்பே ஏறாமல் போனது. 2010 இறுதியில் தேசியச் சோலார் திட்டத்தின் முதல் ஏலத்தில் யூனிட் சராசரியாக 12 ரூபாய்க்கு மேல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது ஒப்பந்த விலை 7.01. 2017இல் தமிழ்நாட்டு மின்வாரியத்தின் ஏலத்தில் 3.47, அதே ஆண்டு ராஜஸ்தானின் பட்லாவில் 2.44. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99. பத்தாண்டில் ஆறில் ஒரு பங்கு. இந்த வீழ்ச்சிக்கு ‘இன்று கண்டுபிடித்தார்கள்’ என்று சொல்ல ஒரு தேதி கிடையாது. தொழிற்சாலைகளில் வேஃபரை, அதாவது சோலார் செல்லாகும் சிலிக்கன் வில்லையை, இன்னும் மெல்லிசாக அறுத்தார்கள், வெள்ளிப் பசையைக் குறைத்தார்கள், உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. தேதி இல்லாததற்குத் தலைப்பு இல்லை. விலை இறங்கியதில் மனக்கசப்பும் உண்டு: 7.01க்கு இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்ட பிறகு சந்தை 3.47 ஆனால், வாங்குபவருக்கு நல்ல சேதியே வயிற்றெரிச்சலாகிவிடும்.

வீட்டு மொட்டைமாடியில் அந்தச் சேதி இறங்கும்போது குழப்பம் வேறு விதம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் ‘300 யூனிட் இலவசம்’ என்ற வாசகத்தை, அரசு தரும் மின்சாரம் என்று பலர் படித்தார்கள். உங்கள் மாடியில் நீங்கள் உண்டாக்கும் மின்சாரம் அது. மானியம் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000. மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. பணி முடிந்து, வாங்கிய மின்சாரத்தையும் திருப்பிக் கொடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் கைக்காசோ கடனோ போட வேண்டும். உள்நாட்டு செல்லில் செய்த பேனலுக்குத்தான் மானியம். மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடி வரை நிழலில்லாத இடம் தேவை. தென்னை ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே, தொடராக இணைத்த மற்றவையும் மந்தமாகும். எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கும் புலம்பல், ‘சோலார் போட்டும் கரண்ட் போனா இருட்டுதான்’ என்பது. பழுதில்லை அது. வெளியே கம்பியில் வேலை செய்யும் ஊழியர்மேல் மின்சாரம் பாயாதிருக்க, கட்டமைப்பில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்றால் கதை வேறு, விலையும் வேறு. இதை விற்கும்போதே சொல்லியிருந்தால் பாதி அவநம்பிக்கை முளைத்திருக்காது.

இப்போது மூன்றாமவரின் கேள்வி. ‘நமக்கு எங்க கிடைக்கப்போகுது’ என்பதற்கு வரலாற்றில் நல்ல பதிலும் உண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் எச்ஐவி கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மருந்து அதேதான், மாறியது காப்புரிமையும் தயாரிப்பாளரும். அதே நோயில் இப்போது லெனகபாவிர் நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டு எச்ஐவி தொற்றாமல் காக்கும் ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்குப் போட்டதில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினமும் மாத்திரை எடுத்த ஒரு குழுவில் 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது. சயன்ஸ் இதழ் 2024இன் தலைசிறந்த சாதனை என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. எல்கே-99க்கு எழுந்த ஆரவாரத்தில் கொஞ்சம்கூட இதற்கு எழவில்லை. எச்ஐவியைக் குடும்பக் குழுவில் யார் பகிர்வார்கள்?

2025 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தபோது அங்கே பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில், 2027 முதல் 40 டாலருக்குக் கிடைக்கும் என்ற ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டன. தயாரிப்பவை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸும் ஹெட்டரோவும். உரிமம் 120 நாடுகளுக்குப் பொருந்தும். பிரேசில் போன்ற நடுத்தர வருமான நாடுகள் அந்தப் பட்டியலில் இல்லை, அங்கே எழுந்த எதிர்வினை கோபம்தான், அதில் நியாயமும் இருக்கிறது.

விலைப் படியைத் தாண்டினாலும் ஊசி போடும் அறையில் இன்னொரு படி காத்திருக்கிறது. முதல் நாள் வயிற்றுத் தோலடியில் ஒன்றரை மில்லி வீதம் இரண்டு ஊசி, கூடவே இரண்டு மாத்திரை. மறுநாள் வீட்டில் இன்னும் இரண்டு மாத்திரை. ஊசி மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும், அதுவரை அளவைத் தூக்கிப் பிடிப்பது அந்த மாத்திரைகள். ஊசி போட்டாகிவிட்டதே என்று மறுநாள் மாத்திரையை மறந்தால் ஆரம்ப நாள்களில் பாதுகாப்பு குறையும். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் எச்ஐவி இல்லை என்று சோதித்தாக வேண்டும்; ஏற்கனவே தொற்று இருப்பவருக்கு இதை மட்டும் போட்டால் மருந்தை மீறும் வைரஸ் உருவாகும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர் உடம்பில் இந்த மருந்து வேகமாகக் கரைந்துவிடும். எச்ஐவியும் காசநோயும் ஒரே தெருவில் குடியிருக்கும் ஊர்களில்தான் இந்த ஊசிக்குத் தேவை அதிகம்.